வீட்டருகே உள்ள ஜூடோக் கழகமா, பெயர்பெற்ற பெரிய கழகமா?

செப்டெம்பர் மாதத்தின் முதல் அல்லது இரண்டாவது சனிக்கிழமை, பாரிஸைச் சுற்றியுள்ள ஏறத்தாழ எல்லா நகரங்களிலும் சங்கங்களின் சந்தை நடக்கும். நகரசபையின் உள்ளக அரங்கில் மேசைகளை வரிசையாகப் போட்டு, உதைபந்தாட்டம் முதல் மட்பாண்டம் வரை அவ்வூரில் உள்ள சங்கங்கள் எல்லாம் அந்த ஒரே நாளில் புதிய உறுப்பினர்களைச் சேர்த்துக்கொள்ளும். பிள்ளையின் கையைப் பிடித்தபடி மேசை மேசையாக நடக்கும் பெற்றோர், அடுத்த பத்து மாதங்களின் புதன்கிழமைகளும் சனிக்கிழமைகளும் எப்படிக் கழியப்போகின்றன என்பதை அரை மணி நேரத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்காக, சில ஆண்டு இடைவெளியில், அந்த முடிவை நான் இரண்டு முறை எடுத்திருக்கிறேன். முதல் முறை பிழையாக எடுத்தேன். ஆறு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையை ஜூடோவில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு, குறிப்பாக பாரிஸின் வடக்குப் புறநகர்களில் வாழும் நம்மவர்களுக்கு, முன்னால் இருக்கும் வழிகளை அந்த அனுபவத்தோடு சேர்த்து இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில், இப்படியொரு தெரிவு நமக்கு வாய்த்திருப்பதன் காரணம். 1882இல் தோக்கியோவில் கானோ ஜிகோரோ நிறுவிய கொடோகான் என்ற பயிற்சிப் பள்ளியில் பிறந்த இந்தக் கலை, 1935இல் பாரிஸுக்கு வந்த கவாயிஷி என்ற ஆசிரியரின் கையால் பிரான்ஸில் வேர்பிடித்தது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே மஞ்சள், செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம் என்று வண்ணப் பட்டிகளைப் படிகளாக வைத்துக் கற்பிக்கும் முறை இங்கே பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1946இல் பிரெஞ்சு ஜூடோச் சம்மேளனம் உருவானது. இன்று அதன் உரிம அட்டை வைத்திருப்போர் ஐந்து லட்சத்துக்கும் மேல், அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். இந்த நாட்டில் ஜூடோவை ஒரு சண்டைக் கலையாகப் பார்ப்பவர்களைவிட, நீச்சலைப் போல எல்லாப் பிள்ளைகளும் ஒரு முறையாவது தொட்டுப் போகும் ஒன்றாகப் பார்ப்பவர்களே அதிகம். அதனால்தான் புறநகரில் எங்கே குடியிருந்தாலும் பெரும்பாலும் நடந்து போகும் தூரத்தில் ஒரு கழகம் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் சும்மா கிடக்கும் இடங்களைக்கூட ஜூடோத் தளங்களாக மாற்றும் ஆயிரம் தளத் திட்டம் ஒன்றையும் சம்மேளனம் அண்மைய ஆண்டுகளில் முன்னெடுத்து வருகிறது.

2024 ஆகஸ்ட் 3ஆம் நாள் பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண் பெண் கலப்பு அணி இறுதிப் போட்டியில் பிரான்ஸும் ஜப்பானும் மூன்றுக்கு மூன்று என்று நின்றபோது, கடைசி மோதல் எந்த எடைப் பிரிவில் என்பதை மின்னணுக் குலுக்கல் முடிவு செய்தது. வந்தது பிரான்ஸின் புகழ்பெற்ற ஜூடோ வீரர் தெடி ரினேரின் பிரிவு. அவர் வென்றார், தங்கம் பிரான்ஸுக்கு. அந்த ஆண்டு செப்டெம்பரில் எங்கள் ஊர்ச் சந்தையில் ஜூடோ மேசைக்கு முன் நின்ற வரிசை வாசலைத் தாண்டியது. வரிசையில் நிற்கும்போது சிந்திப்பது கடினம். ஆகவே சிந்தனையை ஓகஸ்டிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

பெற்றோர் பெரும்பாலும் கேட்கும் முதற்கேள்வி ஜூடோவா கராத்தேயா என்பது. நம்மிடையே கராத்தேக்கு ஒரு பழைய மதிப்பு உண்டு. ஊரில் படிக்கும் காலத்தில் கராத்தே பழகிய ஒருவராவது எல்லாக் குடும்பத்திலும் இருப்பார், தமிழர் மண்டபங்களில் ஞாயிறு வகுப்புகளும் நடப்பதுண்டு. இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு தூரத்தில் இருக்கிறது. கராத்தேயில் பிள்ளை எதிராளியிடமிருந்து ஒரு கை, ஒரு கால் நீளத்துக்கு அப்பால் நிற்கிறது, நுட்பத்தின் பெரும்பகுதியைத் தனியாகவே பழகலாம், வீட்டு வரவேற்பறையிலும் பழகலாம். ஜூடோவில் முதல் நிமிடத்திலிருந்தே இன்னொரு பிள்ளையின் சட்டைக் கழுத்தையும் கையையும் பிடித்தபடிதான் எல்லாம் நடக்கிறது. துணையில்லாமல் அங்கே ஒன்றும் இல்லை. தொடுகையை வெறுக்கும், நெருக்கத்தில் பதறும் பிள்ளைக்குக் கராத்தேயே இலகுவான வாசல் என்பதை ஜூடோவின் பக்கம் நிற்கும் நானும் ஒப்புக்கொள்வேன். மாறாக, சும்மா இருக்க முடியாமல் யாரையாவது தள்ளிக்கொண்டும் உருண்டுகொண்டும் இருக்கும் பிள்ளைக்கு, தள்ளுவதற்கும் உருள்வதற்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று காட்டுவதில் ஜூடோவுக்கு நிகராக எதையும் நான் காணவில்லை. கராத்தே 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் மட்டும் இடம்பெற்று, பாரிஸில் இல்லாமற்போனதைச் சிலர் ஒரு காரணமாகச் சொல்வார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு காரணமே அல்ல.

உதைபந்தாட்டத்தை அவ்வளவு இலகுவாகத் தள்ள முடியாது. எம்பாப்பே வளர்ந்த பொண்டி எங்கள் 93ஆம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, அந்தப் பெயரைச் சொல்லாத பையன் பாடசாலையில் இல்லை. பந்துக்கும் காலணிக்கும் பெரிய செலவில்லை, நண்பர்கள் அங்கேதான் இருப்பார்கள். ஆனால் எடை கூடிய பிள்ளைக்கு, ஓட்டத்தில் பின்தங்கும் பிள்ளைக்கு, உதைபந்தாட்ட அணியில் கிடைப்பது பெரும்பாலும் ஓரத்து இருக்கை. ஜூடோவில் இருக்கை என்பதே கிடையாது. வகுப்புக்கு வந்தவர் எல்லோரும் ஒன்றேகால் மணி நேரமும் தளத்தில் இருப்பார்கள், எடைக்கு எடை பார்த்துத்தான் சேர்ப்பார்கள். பாடசாலையில் கேலிக்கு ஆளான குண்டுப் பையன் ஒருவன், பிடித்து அமுக்கும் தரைநுட்பத்தில் தன் எடையே தனக்குத் துணை என்று கண்டுகொண்ட நாளில் அவன் முகம் மாறியதை எங்கள் கழகத்தில் பார்த்திருக்கிறேன். நீச்சல் ஒப்பீட்டுக்குள் வர வேண்டியதில்லை. அது எப்படியும் கற்றே ஆக வேண்டிய ஒன்று, பாடசாலையே அதற்கு வழி செய்கிறது.

ஜூடோ என்று முடிவான பிறகுதான் உண்மையான தெரிவு தொடங்குகிறது என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். மூத்தவனுக்கு ஆறு வயதானபோது, பக்கத்து நகரில் உள்ள பெயர்பெற்ற ஒரு கழகத்தில் சேர்த்தோம். அதன் சுவர் முழுவதும் பதக்கம் அணிந்த இளைஞர்களின் படங்கள், கண்ணாடி அலுமாரியில் கிண்ணங்கள், மூன்று ஜூடோத் தளங்கள், ஐந்து ஆசிரியர்கள். வீட்டிலிருந்து இரண்டு பேருந்துகள். ஆறு வயதினர் வகுப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள்; அவன் பெயரை ஆசிரியர் நவம்பர் வரைக்கும் தவறாகவே சொன்னார், நம் பெயர்களுக்கு அது புதிதல்ல என்றாலும். டிசெம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், பேருந்துத் தரிப்பிடத்தில் மழை. ஜனவரியிலிருந்து ஞாயிறு காலை எட்டு மணிக்கு எடை பார்க்கும் போட்டிகள்; அவன் நான்கு மணி நேரம் காத்திருந்து, இரண்டு மோதல்களில் மொத்தமாக ஒரு நிமிடத்துக்கும் குறைவாக நின்று, தோற்று, அழுதுகொண்டு வந்தான். பெப்ரவரி விடுமுறைக்குப் பின் போகமாட்டேன் என்றான். ஆண்டுக் கட்டணத்துக்காக நாங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த மூன்று காசோலைகளில் மூன்றாவதும் அதற்குள் வங்கியில் மாற்றப்பட்டிருந்தது. திருப்பித் தர இயலாது என்று செயலாளர் பண்பாகச் சொன்னார். படிவத்தின் பின்பக்கத்தில் அது எழுதியும் இருந்தது.

அந்தக் கழகம் மோசமானது என்று சொல்ல நான் வரவில்லை. பதினைந்து வயதில் தேசியப் போட்டியை நோக்கி உழைக்கும் ஒருவருக்கு அது சரியான இடம். அந்த இடத்துக்குத் தேவையான ஏற்பாடுகள் ஆறு வயதுப் பிள்ளையின் மேல் பாரமாக விழுந்தன, அவ்வளவுதான். 2022 மார்ச்சில் ஜப்பானிய ஜூடோச் சம்மேளனம், தொடக்கப்பாடசாலைப் பிள்ளைகளுக்கான தேசிய தனிநபர் போட்டியையே நிறுத்திவிட்டது. வெற்றி மோகம் பிள்ளைகளையும் பெற்றோரையும் பயிற்றுநர்களையும் பிடித்தாட்டுகிறது என்பதே அது சொன்ன காரணம். கலை பிறந்த நாட்டிலேயே இந்த முடிவு என்றால், புறநகர்ப் பெற்றோர் ஒருவர் கிண்ண அலுமாரியைப் பார்த்துக் கழகத்தைத் தெரிவு செய்வது எவ்வளவு பொருத்தம் என்று யோசிக்கலாம்.

மகளுக்கு ஏழு வயதானபோது, எங்கள் தெருவின் முனையில் உள்ள பாடசாலை உடற்பயிற்சிக் கூடத்தில் நடக்கும் சிறு கழகத்தில் சேர்த்தோம். அங்கே நிரந்தரத் தளம்கூட இல்லை. தத்தாமி என்ற தடித்த ஜூடோப் பாயின் பச்சையும் சிவப்புமான துண்டுகள் சக்கர வண்டியில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வகுப்புக்குக் கால் மணி நேரத்துக்கு முன் பெற்றோரும் பெரிய பிள்ளைகளும் சேர்ந்து அவற்றை விரிப்போம், இடைவெளி இல்லாமல் காலால் தட்டிச் சேர்ப்போம், முடிந்ததும் மீண்டும் அடுக்குவோம். ஓர் ஆசிரியர், இரண்டு வகுப்புகள், வகுப்புக்குப் பதினாறு பேர். பச்சைப் பட்டிக்கு மேற்பட்ட பிள்ளைகள் நான்கு பேர்தான். உடைமாற்றும் அறையிலிருந்து தளம் வரை அணிந்து வர வேண்டிய செருப்பை மறந்தால், வெறுங்காலோடு கூடத்தின் தரையைத் தொட்ட கால் தத்தாமியில் படக்கூடாது என்று ஆசிரியர் வாசலிலேயே நிறுத்திவிடுவார், அப்பா ஓடிப்போய் வீட்டிலிருந்து எடுத்து வரலாம். ஓடிப்போய் எடுத்து வரக்கூடிய தூரத்தில் வீடு இருப்பது சிறிய விடயம்போலத் தோன்றும். ஆண்டு முழுவதும் ஒரு வகுப்பையும் தவறவிடாமல் மகள் போனதற்கு முதற்காரணம் அதுவே என்று நான் கணிக்கிறேன்.

இரண்டு கழகங்களுக்கும் இடையே நான் கண்ட மிகப் பெரிய வேறுபாடு விழுவதைக் கற்பிக்கும் விதத்தில் இருந்தது. ஜூடோவில் உக்கேமி என்று சொல்லப்படும் விழும் முறைதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். பின்னால் விழும்போது நாடி நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும், தலை தளத்தில் படக்கூடாது. உடலிலிருந்து சற்று விலகிய கைகள் இரண்டும் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை ஒரே நேரத்தில் தத்தாமியில் அறைய வேண்டும், கையை ஊன்றித் தடுக்க முயலக்கூடாது. சிறு கழகத்தின் ஆசிரியர் பிள்ளைகளிடம் சொல்லும் சொல் ஒன்றே: “பட்டியின் முடிச்சைப் பார்.” முடிச்சைப் பார்க்கும் பிள்ளையின் நாடி தானாகவே நெஞ்சில் சேர்ந்துவிடும். முதலில் படுத்த நிலையில், பிறகு குந்திய நிலையில், பிறகு நின்ற நிலையில் என்று ஒக்டோபர் முடியும் வரை இதையே செய்தார்கள். ஆளை வீழ்த்தும் நுட்பம் ஒன்றுகூட அதுவரை வரவில்லை. பெரிய கழகத்தில் மூன்றாம் வகுப்பிலேயே மூத்தவன் ஓ-சோட்டோ-கரி என்ற, எதிராளியின் காலைப் பின்னாலிருந்து வாரிவிடும் வீச்சைப் பழகிவிட்டான், பெருமையோடு எங்களுக்குக் காட்டவும் செய்தான். அந்த வீச்சில் விழுபவர் நேராகப் பின்னால்தான் விழுவார், பின்மண்டைதான் முதலில் ஆபத்தில் இருக்கும்.

இது வெறும் அச்சமல்ல. ஜப்பானியப் பாடசாலைகளில் 1983இலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஜூடோப் பயிற்சியின்போது இறந்தார்கள் என்பது அங்கே பெரும் விவாதமானது. பலர் தலைக்காயத்தால் இறந்தவர்கள், பெரும்பாலோர் நடுநிலை, உயர்நிலைப் பாடசாலைகளில் புதிதாகச் சேர்ந்தவர்கள். பிள்ளைகளை இழந்த பெற்றோர் அப்போது திரும்பத் திரும்ப ஒப்பிட்டுக் காட்டிய நாடு பிரான்ஸ்; இங்கே சம்பளத்துக்குக் கற்பிக்கும் ஆசிரியருக்கு அரச அங்கீகாரம் பெற்ற தகைமை கட்டாயம், சிறு பிள்ளைகளுக்குக் கழுத்தை நெரிக்கும் பிடிகளும் கைமூட்டை முறுக்கும் பிடிகளும் தடை. ஆகவே பிரான்ஸில் ஜூடோ பொதுவாகப் பாதுகாப்பானது என்று சொல்லலாம். ஆனால் பொதுவானது உங்கள் பிள்ளையின் வகுப்பில் நடக்கிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்: எத்தனை நிமிடம் விழப் பழக்குகிறார், முப்பது பேரை ஒருவர் பார்க்கிறாரா, உடல்வலு கூடிய பிள்ளையைப் புதியவரோடு சேர்த்துவிடுகிறாரா, “மத்தே” என்று நிறுத்தச் சொன்னதும் பிள்ளைகள் உண்மையில் நிறுத்துகிறார்களா. பெரும்பாலான கழகங்களில் ஒன்று அல்லது இரண்டு இலவசப் பரீட்சார்த்த வகுப்புகள் உண்டு. அவை பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமென்று பெற்றோர் எண்ணிக்கொண்டு கைத்தொலைபேசியில் மூழ்கிவிடுகிறார்கள்.

ஆசிரியரின் தொழில் அட்டை கழகத்தின் சுவரில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அதை வாசிப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 2020இன் இறுதியில் பிரெஞ்சு ஜூடோ உலகுக்குள்ளிருந்தே, பழைய காலத்துப் பயிற்றுநர்கள் சிலரின் வன்முறைகளையும் பாலியல் துன்புறுத்தல்களையும் பற்றிய சாட்சியங்கள் வெளிவந்தன. அதன் பின் ஊதியம் பெறுவோர், தொண்டர் என்ற வேறுபாடின்றிக் குற்றப்பின்னணிச் சரிபார்ப்பு இறுக்கப்பட்டது. உடைமாற்றும் அறைக்குள் யார் போகலாம், வகுப்பைப் பெற்றோர் பார்க்கலாமா, பயணங்களில் பிள்ளைகளோடு எத்தனை பெரியவர்கள் செல்வார்கள் என்று கேளுங்கள். பெற்றோர் இருந்தால் பிள்ளைகளின் கவனம் சிதறும் என்று கதவை மூடும் ஆசிரியர்கள் உண்டு, அந்தக் காரணம் நியாயமானதுதான். ஆனால் மாதத்துக்கு ஒரு முறையேனும் கதவு திறக்காத கழகத்தில் என் பிள்ளையை நான் விடமாட்டேன். இந்தப் புள்ளியில் சிறு கழகத்துக்கு இயல்பாகவே ஒரு சாதகம் இருக்கிறது: தத்தாமி விரிக்க வந்த நான்கு பெற்றோர் எப்போதும் கூடத்தில் இருப்பார்கள். ஒரே ஒரு ஆசிரியரை நம்பியிருப்பது அதன் பாதகம். எங்கள் ஆசிரியருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்த ஆண்டில் ஐந்து வாரம் வகுப்பே இல்லை. பெரிய கழகத்தில் அப்படி நடக்க வழியில்லை.

மகளைச் சேர்த்தபோது வீட்டில் எழுந்த தடை வேறு வகையானது. ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மா, ஒருநாள் வகுப்பைப் பார்க்க வந்தார். பன்னிரண்டு பையன்களும் நான்கு பெண்பிள்ளைகளும் ஒன்றாக உருண்டுகொண்டிருந்தார்கள், மகளை ஒரு பையன் தரையில் அமுக்கிப் பிடித்திருந்தான். “என்னடா தம்பி இது, பொம்பிளைப் பிள்ளையை இப்பிடி ஆம்பிளைப் பிள்ளையளோடை உருள விடுறியோ?” என்று அவர் கேட்டது கூடத்தில் எதிரொலித்தது, நல்லவேளை, அங்கே தமிழ் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே மகள் இடுப்பைத் திருப்பி, கீழே இருந்தவள் மேலே வந்து, அவனைப் பிடித்து அமுக்கினாள். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “விடாதை, பிடி” என்றார்.

இந்தக் கேள்வியை நம் பெற்றோர் பலர் வெளியே சொல்லாமல் மனதில் வைத்திருக்கிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். பிள்ளைகள் வகுப்பில் ஆண் பெண் பிரிவு பொதுவாக இல்லை. பெண்பிள்ளைகள் ஜூடோ அங்கிக்குள் வெள்ளை மேற்சட்டை அணிவார்கள். பெண்கள் ஜூடோ 1992இல் பார்சலோனாவில் முழுமையான ஒலிம்பிக் விளையாட்டானபோது பிரெஞ்சுப் பெண்கள் இரண்டு தங்கம் வென்றார்கள், 2021இல் கிளரிஸ் அக்பெனெனு தோக்கியோவில் தங்கம் வென்றதை இங்கே தெரியாத பெண்பிள்ளை இல்லை. கலப்பு வகுப்பு மனதுக்கு ஒவ்வவில்லை என்றால், பெண்களுக்கெனத் தனி நேரம் வைத்திருக்கும் பெரிய கழகத்தைத் தேடலாம். அந்த ஒரு காரணத்துக்காகத் தூரம் போவது நியாயம். ஆனால் பதின்ம வயதுக்கு முன் அதற்கான தேவையை நான் காணவில்லை, பாடசாலை முற்றத்தில் அதே பையன்களைச் சமாளிக்க வேண்டியவள் அவளே.

நேரம் பற்றிய ஒப்பீடு நம் வீடுகளில் தனிக் கணக்கு. 2017இலிருந்து பெரும்பாலான நகரங்கள் நான்கு நாள் பாடசாலை வாரத்துக்குத் திரும்பிவிட்டதால், புதன்கிழமை முழுவதும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். எல்லாச் சங்கங்களும் அந்த நாளைத்தான் குறிவைக்கின்றன. தமிழ்ப் பாடசாலையும் பல ஊர்களில் புதன் மாலையோ சனி பிற்பகலோதான் நடக்கிறது, அதோடு பரதமும் மிருதங்கமும் இருந்தால் வாரம் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் தமிழ் வகுப்பு நகராத கல். அதைச் சுற்றித்தான் மற்றவை அமைய வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். பெரிய கழகத்தில் வாரத்தில் மூன்று நேரங்களில் இரண்டைத் தெரிவு செய்யலாம் என்ற வசதி இருந்தது உண்மை, ஆனால் போக வர ஒன்றரை மணி நேரம் கூட்டினால் அந்த வசதி கரைந்துவிடும். சிறு கழகத்தில் செவ்வாய் மாலையும் வெள்ளி மாலையும், மாற்ற முடியாது. தமிழ் வகுப்பு புதனில் இருந்ததால் எங்களுக்குப் பொருந்தியது, சனிக்கிழமை மட்டும் ஜூடோ நடக்கும் கழகமாக இருந்திருந்தால் பொருந்தியிராது. ஜூன் மாதத்தில் தமிழ்ப் பாடசாலையின் தேர்வும் ஜூடோக் கழகத்தின் ஆண்டுவிழாவும் ஒரே வார இறுதியில் விழுந்த ஆண்டும் உண்டு. இரண்டுக்கும் போனோம், இரண்டிலும் களைத்திருந்தாள்.

வாரத்துக்கு ஒரு வகுப்பா இரண்டா என்று கேட்டால், முதலாண்டில் ஒன்று போதும் என்பேன், இரண்டாவது ஆண்டிலிருந்து ஒன்று போதாது. ஒரு வாரம் விடுமுறை வந்துவிட்டால் பதினான்கு நாள் இடைவெளி விழுகிறது. உடல் கற்றதை உடல் மறந்துவிடுகிறது.

செலவில் நான் எதிர்பார்த்த அளவு வேறுபாடு இல்லை. எங்கள் சிறு கழகம் உரிம அட்டையோடு ஆண்டுக்கு இருநூறு யூரோவுக்குச் சற்றுக் குறைவாக வாங்கியது, பெரிய கழகம் முந்நூறைத் தாண்டியது. உடை முப்பது யூரோ அளவில் கிடைக்கும், பழைய உடைகளைக் கழகத்திலேயே பத்து யூரோவுக்கு வாங்கலாம். உடையின் அளவுகள் பத்துப் பத்து சென்ரிமீற்றராக ஏறும் என்பதால் ஓரளவு பெரிதாக வாங்கிக் கையை மடித்துவிடுங்கள், பருத்தித் துணி முதல் சலவையிலேயே சுருங்கும். 2021இல் தொடங்கிய அரசின் ஐம்பது யூரோ விளையாட்டு உதவித்தொகையை நம்பி இன்னும் சிலர் வருகிறார்கள். 2025இலிருந்து அது, மாற்றுத்திறன் உதவி பெறும் பிள்ளைகள் நீங்கலாக, பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இல்லை. நகரசபையின் உதவியும் குடும்ப வருமானத்துக்கு ஏற்ற கட்டணக் குறைப்பும் ஊருக்கு ஊர் மாறும், சந்தை நாளிலேயே நகரசபை மேசையில் கேட்டுவிடுவது நல்லது. மருத்துவச் சான்றிதழ் இப்போது பிள்ளைகளுக்குப் பொதுவாகத் தேவையில்லை. பெற்றோர் நிரப்பும் உடல்நல வினாக்கொத்து போதும், அதில் ஏதாவது ஒரு கேள்விக்கு ஆம் என்று விடை வந்தால் மட்டும் மருத்துவரிடம் போக வேண்டும்.

நான்கு, ஐந்து வயதிலேயே சேர்க்கலாமா? சேர்க்கலாம், விழிப்பு ஜூடோ என்ற பெயரில் அந்த வயதினருக்கு வகுப்புகள் உண்டு. அவற்றில் நடப்பது விலங்குகளைப்போல் தவழ்வது, உருள்வது, பாயைத் தாண்டுவது. ஜூடோ மிகக் குறைவு. வீட்டில் இடம் இல்லாத சிறு பிள்ளைக்கு அது நல்ல பொழுது, ஆனால் அந்த இரண்டு ஆண்டுகள் முந்திச் சேர்ந்த பிள்ளை ஏழு வயதில் சேர்ந்த பிள்ளையைவிட எட்டு வயதில் மேலே நிற்பதை நான் பார்த்ததில்லை. அந்த வயதுக்கு யுனெஸ்கோவே ஜூடோவைத்தான் சிறந்த விளையாட்டு என்று அறிவித்திருக்கிறது என்ற வாசகம் பல கழகங்களின் துண்டுப்பிரசுரங்களில் தவறாமல் இருக்கும். ஆண்டையோ ஆவணத்தின் பெயரையோ சொல்லும் துண்டுப்பிரசுரம் ஒன்றுகூட என் கைக்கு வரவில்லை. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பட்டிகளையும் ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டாம். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் இடையே வெள்ளை-மஞ்சள், மஞ்சளுக்கும் செம்மஞ்சளுக்கும் இடையே மஞ்சள்-செம்மஞ்சள் என்று பிள்ளைகளுக்காக இங்கே பாதிப் பட்டிகளும் வைத்திருக்கிறார்கள், ஜூன் மாதம் வந்தால் ஏதோ ஒன்று கிடைக்கும். ஒரு கழகத்தில் பச்சை, இன்னொன்றில் அதே திறமைக்குச் செம்மஞ்சள். எங்கள் கழகத்தில் ஆசிரியர் பட்டியைத் தன் கையால் கட்டிவிடுவார், பழைய பட்டியை மகள் தம்பி முறையான ஒரு சின்னப் பையனுக்குக் கொடுத்துவிடுவாள். அவனுக்கு அது இரண்டு சுற்றுக்கு மேல் வரும்.

இவ்வளவும் பதினொரு வயது வரைக்குமான கணக்கு. பிரெஞ்சு முறையில் பன்னிரண்டாம் வயதோடு பிள்ளைகள் மினிம் என்ற பிரிவுக்குள் போகிறார்கள். அங்கே போட்டி உண்மையான போட்டியாகிறது, எடைப்பிரிவுகள் கறாராகின்றன, பயிற்சியில் தன் எடைக்கும் திறமைக்கும் ஈடான துணை வேண்டும். பதினாறு பேர் கொண்ட வகுப்பில் நாற்பத்தெட்டுக் கிலோப் பெண்பிள்ளைக்கு அப்படி ஒருத்தி இருப்பது அதிர்ஷ்டம். மகளுக்கு இப்போது பன்னிரண்டு, பச்சைப் பட்டி. சுதந்திரப் பயிற்சி நேரத்தில் அவளுக்கு ஈடு கொடுக்கக்கூடிய ஒரே ஆள் பதினான்கு வயதுப் பையன் ஒருவன், அவனோ மூன்று மாதத்தில் ஊர் மாறிப் போகிறான். சென்ற மாதம் வகுப்பு முடிந்து தத்தாமியை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஆசிரியர் என்னைத் தனியே அழைத்து, அடுத்த செப்டெம்பரில் அவளை வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பக்கத்து நகரத்துப் பெரிய கழகத்துக்கு அனுப்பிப் பாருங்கள், உரிமம் இங்கேயே இருக்கட்டும், அங்குள்ள பயிற்றுநர் என் நண்பர்தான், நானே பேசுகிறேன் என்றார். மூத்தவன் பாதியில் விட்டுவந்த அதே கழகம்தான். அவளிடம் சொன்னேன், இரண்டு பேருந்து என்பது அவளுக்குப் பெரிய விடயமாகப் படவில்லை, செவ்வாய்க்கிழமை இங்கேதானே என்று மட்டும் கேட்டாள்.